அந்தோணியார் சேவல்

சேவல் செத்துவிட்டது என்று உறுதி செய்துகொள்ள பிரேம் மூன்று முறை தடவிப் பார்க்க வேண்டியிருந்தது. இத்தனைக்கும் கோழி உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்லத்தான் அரசாங்கம் அவனுக்குச் சம்பளம் கொடுக்கிறது. கீழேயிருந்து மாற்றலாகிக் கொல்லிமலைக்கு வந்த கால்நடை ஆய்வாளர் அவன்.

கிறிஸ்தவர்கள் கறி தொடாத தவக்காலத்து வெள்ளிக்கிழமை மாலை. கோடைமழை பெய்து ஓய்ந்து, ரோடு முழுக்க மூட்டம். வளைவில் பைக்கைத் திருப்பினான். நடு ரோட்டில் சேவல் நின்றுகொண்டிருந்தது. ஹாரன் அடித்தான். அது நகரவில்லை. அவனும் பிரேக்கை நேரத்துக்குப் பிடிக்கவில்லை.

செக்கச் சிவந்த உடம்பு, கறுத்த வால், காலில் மஞ்சள் கயிறு. கயிற்றைப் பார்த்ததும் பிரேமுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அது அந்தோணியார் சேவல்.

குப்புசாமி என்று ஒரு மலை விவசாயி. மரவள்ளியும் மிளகும் போடுகிறவர். கிறிஸ்தவர் இல்லை. போன வருஷக் கடைசியில் அவருடைய பசு காட்டில் காணாமல் போய்விட்டது. தொலைந்ததைக் கண்டுபிடித்துக் கொடுப்பதில் அந்தோணியாரை மிஞ்ச ஆளில்லை என்று யாரோ சொல்ல, அவரும் நேர்ந்துகொண்டார். பசு தானாக வீடு வந்து சேர்ந்தது. நேர்ச்சைச் சேவல் கோயிலுக்கு வந்து சேர்ந்தது. ஜூன் மாதத் திருவிழாவில் ஏலம் விடும் வரைக்கும் அதை வளர்ப்பது கோயிலின் பங்குத்தந்தையான ஃபாதர் இன்னாசிமுத்துவின் பொறுப்பு. அதை அடிக்கக் கூடாது, விற்கக் கூடாது, யாருக்கும் தூக்கிக் கொடுக்கவும் கூடாது. புனிதருடைய சொத்து. செவ்வாய்க்கிழமைதோறும் குப்புசாமி அந்தோணியார் நவநாள் செபத்துக்கு வந்து ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, அப்படியே ஃபாதர் குடியிருக்கும் சாமியார் பங்களாவின் பின்பக்கம் போய்ச் சேவலையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்புவார்.

பங்களா அந்த வளைவிலிருந்து நல்ல தூரம். கூட்டில் அடைந்து கிடக்கிற சேவலுக்கு இங்கே என்ன வேலை என்று பிரேம் யோசித்திருக்கலாம். அவனுக்கு அப்போது யோசனை ஓடவில்லை, கைதான் ஓடியது. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, சேவலைத் தூக்கித் தடுப்பூசிப் பெட்டிக்குள் போட்டு மூடினான்.

நேராக ஃபாதரிடம் போய், "தெரியாம நடந்துடுச்சு" என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் பிரேம், கோயில் காரியங்களைக் கவனிக்கும் பங்குப் பேரவையின் செயலாளர். போன வாரம்தான், அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்தில் 'உண்மை பேசுதல்' என்ற தலைப்பில் அரை மணி நேரம் சிந்தனை வழங்கியிருந்தான். எல்லோரும் நன்றாக இருந்தது என்றார்கள். அதுதான் வினை.

வீட்டில் பெட்டியைத் திறந்ததும் கவிதா கேட்டாள்: "என்னங்க இது?"

"நாட்டுச் சேவல். ஒரு விவசாயி கொடுத்தார்."

"தவக்காலத்துல, அதுவும் வெள்ளிக்கிழமையா?"

"தவக்காலம்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

"உங்களுக்குத் தெரியும்ல?"

"இன்னைக்கு யாரு சாப்பிடச் சொன்னா? குழம்பு வெச்சு வை. நாளைக்குச் சாப்பிடலாம். கரண்ட் வேற இல்லை, பிரிட்ஜ்ல வெச்சாலும் கெட்டுப்போகும்."

புதைத்துவிடலாம் என்று முதலில் நினைத்தான்தான். இவ்வளவு நல்ல சேவலை மண்ணில் போட மனசு வரவில்லை. அதை இரக்கம் என்று நினைத்துக்கொண்டான். பசி என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

கவிதா பாடகர் குழுவில் இருந்தாள். சிலுவைப்பாதை வழிபாட்டுக்கு முன்னால் பாட்டு ஒத்திகை. மகள் ஆக்னஸைக் கூட்டிக்கொண்டு கிளம்பும்போது, "அடுப்பைப் பார்த்து அணைச்சுட்டு வந்துடுங்க" என்றாள்.

அணைப்பதற்கு முன் உப்பு பார்த்தான். சரியாக இருந்தது. மேலே சரியாக இருக்கிறது, அடியில் எப்படியோ என்று பார்த்தான். அங்கேயும் சரி. கறிக்குள் உப்பு இறங்கியிருக்கிறதா என்ற சந்தேகம் ஒரு கால் துண்டோடு தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. சட்டியில் ஒரு பக்கம் பள்ளம் விழுந்த பிறகுதான், தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது அவனுக்கு உறைத்தது. வாயைக் கொப்பளித்து, கிராம்பைக் கடித்துக்கொண்டு, சிலுவைப்பாதைச் சிந்தனைகளை வாசிக்க ஓடினான். நோன்பின் மேன்மையைப் பற்றிய பத்தி அவன் பங்குக்கு வந்தது. நடுவில் ஏப்பம் வந்தது.

வெளியே வந்தபோது ஃபாதருக்குச் சமைத்துப்போடும் பொன்னம்மாள் வாசலில் நின்றிருந்தாள்.

"ஏனுங்க சார், வர்ற வழியில நம்ம சேவலக் கண்டீங்களா?"

"எந்தச் சேவல்?"

"அந்தோணியார் சேவலுங்க. மத்தியானத்துலருந்து காணமுங்க."

"நான் எதையும் பார்க்கலையே."

எங்கோ தூரத்தில் யார் வீட்டுச் சேவலோ கூவியது. சேவல் எந்த நேரத்திலும் கூவும் என்பது கால்நடை ஆய்வாளருக்குத் தெரியாததல்ல. இருந்தாலும், சேவல் கூவுவதற்கு முன் இயேசுவைத் தெரியாது என்று பொய் சொன்ன பேதுருவின் ஞாபகம் வந்து பிரேமுக்கு முதுகு சில்லிட்டது.

ஃபாதர் பின்னாலேயே வந்தார். நெட்டையான மனிதர், கொஞ்ச நாளாகக் கண்ணுக்குக் கீழே கருவளையம். "தேடி அலையாதம்மா. எங்கயோ ஒரு இடத்துல நல்லா இருக்கும், விடு" என்றார்.

என்ன பொறுமை, என்ன பற்றின்மை என்று நினைத்து பிரேம் குன்றிப்போனான். அந்த நேரம் பார்த்து ஃபாதர் அவன் தோளில் கை போட்டார்.

"பிரேம், ஈஸ்டர் அன்னைக்கு ஆக்னஸுக்குப் புதுநன்மை இருக்கு இல்லையா? அப்பா அம்மா ரெண்டு பேரும் பக்கத்துல நின்னு கூடவே நன்மை வாங்கணும். அதுக்கு முன்னாடி பாவசங்கீர்த்தனம் பண்ணிடுங்க. உங்களுக்கு என்ன பெரிய பாவம் இருக்கப்போகுது, ஒரு நிமிஷ வேலை."

அன்றிலிருந்து பிரேமுக்குத் தூக்கம் போயிற்று. பாவசங்கீர்த்தனம் என்றால் செய்த பாவத்தைச் சாமியாரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்; மலையில் அவர் ஒருவர்தான் சாமியார். சேவலை வளர்க்கிறவரிடமே போய்ச் சேவலைத் தின்றதைச் சொல்ல வேண்டும். சொல்லாமல், பூசையில் அப்பமாகக் கொடுக்கும் நன்மையை வாங்கினால் அது அதைவிடப் பெரிய பாவம். முதல் முறையாக நன்மை வாங்கும் மகள் பக்கத்தில், தான் வாங்காமல் வெறுமனே நின்றால் கோயிலே பார்க்கும், முக்கியமாக ஆக்னஸ் பார்ப்பாள். அவள் இப்போதே வெள்ளை கவுனைப் போட்டுப் பார்த்துக்கொண்டு, "அப்பா, நீங்க வலது பக்கம், அம்மா இடது பக்கம்" என்று ஒத்திகை நடத்திக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது.

"நம்மை நம்பி ஒரு பொறுப்பை ஒப்படைக்கிறாங்க," என்றார் ஃபாதர். "நாம என்ன செய்யறோம்? ஆள் பார்க்காத நேரத்துல அதைக் கைகழுவிட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி பூசையில வந்து நிக்கறோம். நிக்கறோமா இல்லையா?"

பிரேம் அப்படியேதான் நின்றுகொண்டிருந்தான். ஃபாதருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. 'நிக்கறோம்' என்று தன்னையும் சேர்த்துச் சொன்னது அவருடைய பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை குப்புசாமி வந்துவிடுவார். கூடு காலியாக இருந்தால் அவருக்குப் பதில் சொல்ல முடியாது. அதனால் திங்கட்கிழமையே பிரேம் அவர் வீட்டுக்குப் போனான். செத்த சேவலோடு அதே அடையில் பொரித்த அண்ணன் தம்பிகள் முற்றத்தில் மேய்ந்துகொண்டிருந்தன. எல்லாம் ஒரே சிவப்பு, ஒரே கறுப்பு வால்.

"வீட்டுல ஒண்ணு வளர்க்கலாம்னு ஆசைங்க" என்றான்.

"அதுக்கென்னங்க சார், புடிச்சுக்குங்க" என்றார் குப்புசாமி. "கோழி டாக்டரு ஊட்டுல கோழி இல்லாட்டி நல்லாவாங்க இருக்குது?"

அவனிடம் பழைய மஞ்சள் கயிறு பத்திரமாக இருந்தது. அதைக் கட்டி, செவ்வாய் விடியற்காலையில் பங்களாவின் பின்பக்கம் போய்ச் சேவலைக் கூட்டில் விட்டான். விட்டதும் அது ஊருக்கே கேட்கிற மாதிரி ஒரு கூவல் கூவியது. சன்னல் திறந்தது. பிரேம் சில்வர் ஓக் மரத்தின் பின்னால் ஒடுங்கிக்கொண்டான்.

ஃபாதர் எட்டிப் பார்த்தார். பார்த்தவர் பார்த்தபடியே நின்றார். பிறகு நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, நின்ற இடத்திலேயே முழங்காலிட்டார்.

மரத்துக்குப் பின்னால் பிரேமுக்குக் கண் கலங்கியது. ஒரு சேவல் திரும்பி வந்ததற்கு இப்படி மண்டியிட்டு நன்றி சொல்கிற மனிதருடைய சேவலையா தின்றோம் என்று இருந்தது. சாயங்காலம் குப்புசாமி வந்து பார்த்து, "ஒரு வாரத்துல எளச்சுப்போச்சுங்களே" என்றதோடு சரி. பிரேம் அன்றைக்குத்தான் வயிறார இரண்டு இட்லி சாப்பிட்டான்.

வியாழக்கிழமை பொன்னம்மாள் பிரேம் வேலை பார்க்கும் கால்நடை மருந்தகத்துக்கே வந்துவிட்டாள்.

"மறுக்காவும் காணமுங்க சார். நீங்க ஏதாச்சும் கண்டீங்களா?"

"நான் எப்படிம்மா பார்ப்பேன்?"

இந்தத் தடவை அது உண்மை. இருந்தும் பொய் சொல்கிற குரலில்தான் வந்தது. நரி பிடித்திருக்குமா, மலைப்பாம்பா, இல்லை தன்னுடைய பாவம்தான் சேவல்களைத் துரத்துகிறதா என்று அவனுக்கு விளங்கவில்லை. மறுபடியும் குப்புசாமி வீட்டுக்குப் போனான்.

"இன்னொண்ணு வேணுங்க."

குப்புசாமி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "திங்கக்கெழம கொண்டுபோனது என்னாச்சுங்க?"

"அது... செத்துப்போச்சு."

"எப்படிங்க?"

கால்நடை ஆய்வாளர் வாயில் கால்நடை ஆய்வாளருக்குரிய பதில்தான் வந்தது. "வெள்ளைக்கழிச்சல் மாதிரி இருந்துச்சு."

கோழிகளைக் கூண்டோடு காலி செய்யும் தொற்றுநோயின் பெயரைச் சொல்லிவிட்டோம் என்பது சொல்லி முடித்ததும்தான் புரிந்தது. குப்புசாமியின் முகம் வெளுத்துவிட்டது. "எங்கூட்டுக் கோழிக்கா? அப்ப மத்ததெல்லாம் என்னங்க ஆவறது?" என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்துக் காட்டில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் ஓடி வந்தார்கள். செய்தி அன்றைக்கே, ஆலத்தூர் நாடு என்கிற அந்த மலைப்பகுதியின் கடைசிக் குடிசை வரை போய்விட்டது.

சனிக்கிழமை காலையில் மருந்தகத்து வாசலில் கூட்டம். கூடையில் கோழி, சாக்கில் கோழி, மடியில் கோழி, சேலை முந்தானைக்குள் கோழிக்குஞ்சு. இல்லாத நோய்க்குப் பிரேம் காலையிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் இறக்கை இறக்கையாக ஊசி போட்டான். அவன் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை கொத்து வாங்காத இடமில்லை. நடுவில் மேலதிகாரியான டாக்டர் போன் செய்தார்.

"எத்தனை இறப்பு?"

"ஒண்ணு சார்."

"அறுத்துப் பார்த்தீங்களா? உள்ளே எப்படி இருந்துச்சு?"

பிரேமுக்கு அந்தக் கால் துண்டு ஞாபகம் வந்தது. "நல்லா இருந்துச்சு சார்" என்றான்.

போகும்போது குப்புசாமி அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க கோழிங்களக் காப்பாத்திட்டீங்க சாமி. நல்லா இருக்கோணும்" என்று சொல்லி, ஒன்றுக்கு இரண்டாகச் சேவல்களை அவன் பைக்கில் கட்டிவிட்டார். ஒன்று கேட்டது, ஒன்று அன்பளிப்பு. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். வழியெல்லாம் இரண்டு சேவல்களும் அவன் காதருகே கொக்கரித்துக்கொண்டே வந்தன.

அன்பளிப்பைக் கவிதா கூடையைப் போட்டுக் கவிழ்த்து வைத்தாள். "ஈஸ்டருக்கு ஆச்சு. அன்னைக்கு வெச்ச மாதிரியே குழம்பு வெக்கலாம், அந்தச் சேவல் என்ன ருசி" என்றாள். பிரேம் எழுந்து வெளியே போய்விட்டான். கேட்ட சேவலுக்குப் புதிதாக ஒரு கயிற்றில் மஞ்சள் தடவிக் கட்டி, ஈஸ்டருக்கு முந்தைய குருத்து ஞாயிறு விடியற்காலையில் கூட்டில் கொண்டுபோய் விட்டான்.

அன்றைய பூசையில் ஃபாதர் குருத்தோலையைக் கையில் பிடித்தபடியே பிரசங்கத்தைத் தொடங்கினார்.

"ஒண்ணை நாம தொலைச்சுட்டதா நினைக்கறோம்," என்றார். "அது திரும்பி வந்து நம்ம வாசல்லயே நிக்குது. மறுபடி மறுபடி வருது. ஆண்டவர் நம்மகிட்ட ஏதோ சொல்றார். நாமதான் காதைப் பொத்திக்கிறோம்." குரலைச் சரிசெய்துகொண்டு தொடர்ந்தார். "பொறுப்புன்னா என்னன்னு பார்க்கணும்னா நம்ம பிரேமைப் பாருங்க. நேத்து ஒரு நாள் முழுக்க இந்த மலையில இருக்கற கோழிகளுக்காக நின்னிருக்கார். வாயில்லா ஜீவன்கள் மேல அவருக்கு இருக்கற அன்பு எனக்கு இல்லையேன்னு வெக்கமா இருக்கு."

கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கவிதா பெருமையில் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். பிரேம் கையிலிருந்த ஓலையை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டான். இவ்வளவு நாசூக்காக ஒருவரை அடிக்க இந்த மனிதரால் மட்டும்தான் முடியும் என்று பட்டது.

இனி தாங்காது. வேறு சாமியாரிடம் போய்விட வேண்டியதுதான். செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு, மருந்து எடுத்துவரப் போவதாக வீட்டில் சொல்லி, பஸ் ஏறினான். கொண்டை ஊசி வளைவுகளில் குடல் வாய்க்கு வர, தன் பாவத்தை நல்ல வாக்கியமாக அடுக்கிக்கொண்டே இறங்கினான். சேந்தமங்கலம் பக்கத்திலிருந்த கோயிலுக்குள் நுழைந்தபோது கடைசி வாக்கியம்கூடத் தயார்.

உள்ளே, பாவசங்கீர்த்தனம் கேட்கிற இடத்துக்கு அருகில், தலை குனிந்து ஃபாதர் இன்னாசிமுத்து நின்றுகொண்டிருந்தார்.

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வாரத்தில் சாமியார்கள் ஒருவர் பங்குக்கு இன்னொருவர் உதவிக்குப் போவது வழக்கம்தான். அது இவ்வளவு நேரம் தன் புத்திக்கு எட்டாமல் போனதை நினைத்து பிரேம் தன்னையே நொந்துகொண்டான். பூனை நடை நடந்து திரும்பப் பார்த்தான். செருப்பு காட்டிக்கொடுத்தது.

ஃபாதர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "பிரேம், நீங்க எங்க இங்க?"

"மருந்து எடுக்க வந்தேன் ஃபாதர். நீங்க?"

"நானா? பூசைக்கு அப்பம் வாங்க வந்தேன். ஈஸ்டருக்கு நிறைய வேணுமே."

மருந்துப் பெட்டி இவன் கையில் இல்லை. அவர் கையில் மடித்த வெறும் சாக்கு ஒன்று இருந்தது. இரண்டு பேரும் அதைப் பற்றிக் கேட்டுக்கொள்ளவில்லை.

திரும்பும்போதும் ஒரே பஸ், ஒரே சீட். வளைவுக்கு வளைவு ஃபாதர் இவன் மேல் சாய்ந்தார், இவன் ஃபாதர் மேல் சாய்ந்தான். அவர் சட்டையில் சிவப்பாக ஒரு இறகு ஒட்டிக்கொண்டிருந்தது. தொலைந்த சேவலின் ஞாபகமாக அதை எடுத்து நெஞ்சிலேயே வைத்திருக்கிறார் என்று நினைத்ததும் பிரேமுக்கு அழுகை வந்துவிட்டது. சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"தம்பி," என்றார் ஃபாதர் மெதுவாக. "போனது ஒண்ணு திரும்பத் திரும்ப வந்தா அது வரமா, தண்டனையா?"

"தெரியலையே ஃபாதர்."

"எனக்கும் தெரியல."

பஸ் அடுத்த வளைவில் திரும்ப, இரண்டு பேரும் மறுபடி ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள்.

அன்று மாலை நவநாளுக்கு வந்த குப்புசாமி காலிக் கூட்டுக்கு முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். "நேர்ச்சச் சேவல் காணாமப் போறது நல்லதுக்கில்லீங்க சாமி. குடுத்தது பத்தலீன்னு அந்தோணியாரு எம் மாட்டத் திரும்ப வாங்கிக்குவாருங்க. அந்தப் பால வித்துத்தானுங்க புள்ளையப் படிக்க வெக்கறேன்."

ஃபாதர் கூட்டைப் பார்த்தார், ஆகாயத்தைப் பார்த்தார். "வந்துடும் குப்புசாமி," என்றார். "அது எப்படியும் வந்துடும்."

குப்புசாமியின் முகத்தைப் பார்த்த பிறகு பிரேமுக்கு வேறு வழியில்லை. புதன்கிழமை விடியற்காலையில் ஈஸ்டர் சேவலைக் கூடையிலிருந்து எடுத்து, கயிறு கட்டி, பங்களாவில் விட்டுவிட்டு வந்தான். எழுந்ததும் கவிதா கேட்டாள்: "சேவல் எங்கங்க?"

"பறந்துடுச்சு."

"கவுத்து வெச்ச கூடைக்குள்ள இருந்தா?"

அவனுக்குப் பொய்யும் தீர்ந்துவிட்டது. அன்று மாலை புதுநன்மைப் பிள்ளைகளின் பெற்றோருக்குப் பாவசங்கீர்த்தனம். வரிசையில் கடைசி ஆளாக நின்றான். கவிதா முடித்துவிட்டு வந்து, முகம் தெளிந்து, ஆக்னஸ் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆக்னஸ் அவனைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினாள். அந்த விரலைப் பார்த்ததும் அவன் முடிவுக்கு வந்தான். பங்குப் பேரவைச் செயலாளர் பதவி போனால் போகட்டும், அன்பியத்தில் இனி வாயைத் திறக்க முடியாவிட்டாலும் சரி, இந்தப் பிள்ளை பக்கத்தில் பொய்யாக நிற்க முடியாது.

முழங்காலிட்டான். சல்லடைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஃபாதரின் மூச்சு கேட்டது.

"ஃபாதர், நான் அந்தோணியார் சேவலைக் கொன்னுட்டேன்."

நாற்காலி கிறீச்சிட்டது. "அது பின்னால கூவிக்கிட்டிருக்கு தம்பி."

"அது இல்லைங்க ஃபாதர். முதல்ல இருந்தது. மூட்டத்துல வளைவு திரும்பும்போது பைக்ல அடிபட்டுச்சு. சொல்லாம வீட்டுக்குக் கொண்டுபோயிட்டேன்."

"எந்த வளைவு?"

"பெரிய பலாமரத்துக்குக் கீழ இருக்கே, அந்த வளைவு."

அந்தப் பக்கம் நாற்காலி மறுபடி கிறீச்சிட்டது. பிரேம் கண்ணை மூடிக்கொண்டு மிச்சத்தையும் கொட்டினான். "வெள்ளிக்கிழமைன்னு தெரிஞ்சே சாப்பிட்டேன். உப்பு பார்க்கறதுக்குன்னு நானே என்னை ஏமாத்திக்கிட்டேன். அப்புறம் இல்லாத கழிச்சலைச் சொல்லி மலையையே பயமுறுத்தினேன்."

"அது கிடக்கட்டும். அப்போ முதல் தடவை திரும்பி வந்த சேவல்?"

"நான்தான் கொண்டாந்து விட்டேன்."

"குருத்து ஞாயிறு அன்னைக்கு?"

"அதுவும் நான்தான்."

"இன்னைக்குக் காலையில?"

"நான்தான் ஃபாதர்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வேற யாரும் கொண்டாந்து விடலையே?"

"சத்தியமா வேற யாரும் இல்லை. எல்லாம் நான் ஒருத்தன் செஞ்சதுதான்."

சல்லடைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியாத சத்தம். ஒரு பாவி மனம் திரும்பினால் வானகத்தில் உண்டாகும் மகிழ்ச்சி இப்படித்தான் இருக்கும் போல என்று பிரேம் நினைத்தான்.

"ஆண்டவருக்கு நன்றி" என்றார் ஃபாதர். மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "எழுந்து போங்க தம்பி. பாவப்பரிகாரமா ஒரே ஒரு அருள்நிறை மரியே செபம் சொல்லுங்க."

"ஒண்ணு போதுமா ஃபாதர்?"

"போதும். மனசிருந்தா எனக்காகவும் ஒண்ணு சொல்லிக்குங்க."

ஒன்றுக்குப் பதில் ஒரு முழுச் செபமாலைக்கு உரிய ஐம்பத்து மூன்றையும் சொன்னான். எழுந்தபோது உடம்பு பஞ்சு மாதிரி இருந்தது. நெஞ்சில் கனம் இல்லை, யார்மீதும் பயமில்லை. ஈஸ்டர் அன்று ஆக்னஸுக்கு வலது பக்கம் நிமிர்ந்து நிற்கலாம். சொல்லத் துணிந்துவிட்டால் உண்மை இவ்வளவு சுலபமா என்று ஆச்சரியமாக இருந்தது. அந்த வேகத்திலேயே பங்களாவின் பின்பக்கம் போனான். பொன்னம்மாள் சேவலுக்குக் கம்பு இறைத்துக்கொண்டிருந்தாள். அவளிடமும் எல்லாவற்றையும் சொன்னான். மறைக்க இனி எதுவும் இல்லை என்ற மிதப்பு. குப்புசாமியிடமும் நாளைக்கே போய்ச் சொல்லிவிடப் போவதாகச் சொன்னான்.

பொன்னம்மாள் இறைப்பதை நிறுத்திவிட்டு, வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒரு வார்த்தை கடிஞ்சு பேசலைம்மா," என்றான் பிரேம். "இந்தச் சேவல் மேல உயிரையே வெச்சிருக்கற மனுஷன். அதைத் தின்னவனை ஒரு நிமிஷத்துல மன்னிச்சுட்டார்."

"உசுரா?" என்றாள் பொன்னம்மாள். "ராத்திரியெல்லாம் கூவித் தூங்கவுடலீன்னு ஒவ்வொருக்காவும் அதச் சாக்குல கட்டிக் கொண்டுபோயி உட்டுட்டு வந்ததே ஃபாதர்தானுங்க சார், நேத்து ராத்திரிதான் அவரே எங்கிட்டச் சொன்னாருங்க, அது திரும்பத் திரும்ப வந்து நிக்கவும், அந்தோணியாரே கையில புடிச்சுக் கொண்டாந்து உடறாருன்னு நடுங்கிப்போயி, நேத்து சேந்தமங்கலத்துல வேற சாமியாருகிட்டப் பாவசங்கீர்த்தனமே பண்ணிப்போட்டு வந்துட்டாருங்க."